திருவோடும் படகு வீடும்

பெண்டாட்டி, பிள்ளை, சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றங்கரையில் போய்க் கிடக்கிற ஒருவனைப் பற்றிய அமெரிக்க நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று திருவொற்றியூர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "பட்டினத்தார் கதைதானே?" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. அவர் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. அவருக்கு வேறெப்படித் தோன்றும்? நானும் அன்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாவலை முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்த ஆரம்பித்தது. தமிழ் படித்து வளர்ந்த நாம் எல்லோரும் இந்தக் கதைக்குள் பட்டினத்தார் வாசல் வழியாகத்தான் நுழைவோம். நுழைந்தால் வேறு யாருடைய வீட்டிலோ போய் நிற்போம்.

கார்மாக் மெக்கார்த்தி எழுதி 1979இல் வெளிவந்த 'சட்ரீ' தான் அந்த நாவல். டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊர். 1950களின் முதல் பாதி. கார்னீலியஸ் சட்ரீ வசதியான குடும்பத்துப் பிள்ளை, படித்தவன். ஊரை ஒட்டி ஓடும் டென்னசி ஆற்றில், இற்றுப்போன ஒரு படகு வீட்டில் தனியாக இருக்கிறான். ஆற்றின் குறுக்கே நீளக் கயிறு கட்டி, அதில் வரிசையாகத் தூண்டில் முட்களைத் தொங்கவிட்டு, கெளுத்தியும் கெண்டையும் பிடித்துக் கடைத்தெருவில் விற்கிறான். ஊரின் சாக்கடை முழுக்க அந்த ஆற்றில்தான் கலக்கிறது. அவனுடைய கூட்டாளிகள் குடிகாரர்கள், திருடர்கள், கந்தல் பொறுக்குகிறவர்கள், போலீசுக்குப் பயந்து திரிகிறவர்கள். நாவலின் தொடக்கத்திலேயே ஆற்றில் குதித்துச் செத்த ஒருவனைக் கொக்கி போட்டு இழுத்துக் கரையேற்றுகிறார்கள். பிணத்தின் கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைச் சட்ரீ கவனிக்கிறான்.

கதை என்று கோத்துச் சொல்ல அதிகம் இல்லை. குடிக்கிறான், அடிபடுகிறான், கைதிகளிடம் வேலை வாங்கும் சிறையில் சில காலம் இருக்கிறான், குளிரில் விறைக்கிறான், ஒரு பெண்ணோடு வாழ்கிறான், அதுவும் முறிந்துபோகிறது, டைஃபாய்டு காய்ச்சலில் சாவைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். ஐந்நூறு பக்கத்தை நெருங்கும் இந்த நாவலில் பாதியை நான் பறக்கும் ரயிலில் படித்தேன். திருமயிலை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஜன்னலுக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும். பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கீழே பார்த்தால் அதே கறுப்புத் தண்ணீர், அதே பிளாஸ்டிக், கரையில் துணி காயும் கொடி. நாக்ஸ்வில் தூரத்து ஊராகத் தெரியவே இல்லை. சட்ரீதான் தூரத்தில் இருந்தான்.

பட்டினத்தாருக்கு வருவோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். வளர்ப்பு மகன் மருதவாணர் விட்டுச் சென்ற பெட்டிக்குள் காதற்ற ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன. அதைப் படித்த கணத்தில் கோவணத்தோடு வெளியேறினார் என்பது ஐதீகம். அவர் சீடர் பத்திரகிரியார் பற்றிய கதை இதைவிடக் கூர்மையானது. இருவரும் திருவிடைமருதூர்க் கோயிலில் ஆளுக்கொரு கோபுர வாசலில் இருக்கிறார்கள். இரந்து வந்த ஒருவரிடம் பட்டினத்தார், "நான் சந்நியாசி, என்னிடம் ஒன்றுமில்லை. மேலைக் கோபுர வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்" என்கிறார். நாட்டையே விட்டுவந்த அரசர் பத்திரகிரியார். அவர் எப்படிச் சம்சாரி ஆனார்? அவரிடம் பிச்சையெடுக்க ஒரு திருவோடு இருந்தது. மிச்சச் சோற்றைத் தின்ன ஒரு நாய் கூடவே இருந்தது. அவ்வளவுதான். திருவோட்டை விட்டெறிந்தார் பத்திரகிரியார். அது பட்டு நாயும் செத்தது.

இந்த அளவுகோலை வைத்தால் சட்ரீ எங்கே நிற்பான்? படகு வீடு, துடுப்புப் படகு, தூண்டில் கயிறு, அடுப்பு, வாணலி, விஸ்கி புட்டி. பட்டினத்தார் கண்ணில் அவன் முழுச் சம்சாரி. அது மட்டுமில்லை. பட்டினத்தார் விட்டது ஒன்றை அடைவதற்காக. ஊசியைக் கொடுத்தனுப்பியதே சிவன்தான் என்கிறது கதை. போகும் திசை முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. விடு, வீடு, சுடு, சூடு, கெடு, கேடு என்று பள்ளிக்கூடத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் படித்தோமே, அந்த இலக்கணத்துக்குள்ளேயே இது இருக்கிறது. விடுவதுதான் வீடு. அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து வருவதும், குடியிருக்கும் கூரைக்குப் பெயரும் ஒரே சொல். வீட்டை விட்டவன் வீட்டை அடைவான் என்று தமிழ் ஒரு கணக்கை முடித்து வைத்திருக்கிறது. சட்ரீயிடம் இந்தக் கணக்கு செல்லாது. கத்தோலிக்கனாக வளர்ந்த அவன் ஒருநாள் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்து தூங்கிவிடுகிறான். தூங்குகிற இடமா இது, கடவுளின் வீடல்லவா என்று பாதிரியார் எழுப்புகிறார். இது கடவுளின் வீடே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான்.

ஆகவே துறவி என்ற சொல் அவனுக்குப் பொருந்தாது. வேறு எந்தச் சொல் இருக்கிறது? ஆண்டி, பண்டாரம், பரதேசி என்று மரியாதையோடு தொடங்கி வசையாக முடிந்த சொற்கள் உண்டு. பரதேசி என்றால் பிற தேசத்தான், அவ்வளவே. இன்று அதைச் சொன்னால் சண்டை வரும். ஓடுகாலி, தறுதலை, ஊதாரி எல்லாம் குடும்பம் கொடுக்கும் பட்டங்கள். கடவுளையும் தேடாமல், புரட்சியும் செய்யாமல், பைத்தியமும் பிடிக்காமல், நல்ல வசதியிலிருந்து எழுந்து பிளாட்பாரத்துக்குப் போன ஒருவனுக்கு வசையாக இல்லாத சொல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்து "நாடோடி" என்றார். சட்ரீ எங்கேயும் ஓடவில்லை. பிறந்து வளர்ந்த அதே ஊரில்தான் இருக்கிறான். ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டான், அதுதான் வித்தியாசம்.

சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரியும் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மணவிலக்குக்கான காரணங்களை வரிசைப்படுத்துகிறது. கணவனோ மனைவியோ ஏதேனும் ஒரு சமய மரபில் சேர்ந்து உலகைத் துறந்தால் அது ஒரு காரணம். இரண்டு ஆண்டுகள் கைவிட்டுப் போனால் அது வேறொரு காரணம். ஏழு ஆண்டுகள் உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லை என்றால் அது இன்னொன்று. சட்ரீயின் மனைவி சென்னைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்தால் அவள் கையில் இருப்பது இரண்டாவது காரணம்தான். காவி கட்டியிருந்தால் முதலாவது. ஜீவனாம்ச வழக்கில் 'என்னிடம் ஒன்றுமில்லை, மீன் பிடித்துப் பிழைக்கிறேன்' என்ற பதிலும் எடுபடாது. உடலில் வலுவுள்ள ஆண் வருமானமில்லை என்று கைவிரிக்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

ஏன் போனான்? நாவல் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. இரண்டு இடங்களில் கதவைக் கொஞ்சம் திறந்து மூடுகிறது. ஒன்று, அப்பா எழுதிய பழைய கடிதம். உலகத்தை நடத்தும் பொறுப்பை ஏற்கிறவர்கள்தான் உலகத்தை நடத்துகிறார்கள். வாழ்க்கையைத் தேடுகிறாய் என்றால் அது நீதிமன்றத்தில், வியாபாரத்தில், அரசாங்கத்தில் இருக்கிறது. தெருவில் ஒன்றுமே நடப்பதில்லை, கையாலாகாதவர்களின் ஊமைக்கூத்துதான் நடக்கிறது என்கிறார் அவர். சட்ரீ இறங்கிப் போனது மிகச் சரியாக அந்தத் தெருவுக்குத்தான். இதைப் படித்தபோது அப்பாவின் குரல் எனக்கு மிகவும் தெரிந்த குரலாக இருந்தது. வேட்டி கட்டிய, ஈஸிசேரில் சாய்ந்த ஒரு குரல்.

இரண்டாவது இடம், படகு வீட்டுக்கு வரும் தாய்மாமனோடு நடக்கும் பேச்சு. தன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் பெண் எடுத்தவன் தன் பிள்ளைகளையும் தாழ்ந்தவர்களாகவே பார்க்கிறான் என்கிறான் சட்ரீ. அப்பாவின் பார்வையில் அம்மா கீழே, ஆகவே மாமனும் கீழே, ஆகவே தானும் கீழே. ஒரு வீட்டுக்குள்ளேயே மேல்தட்டும் கீழ்த்தட்டும் இருப்பது என்ன என்று அமெரிக்க வாசகனுக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கும். நமக்கு ஒரு வரி போதும். கல்யாண வீட்டில் எந்தப் பக்கத்துச் சொந்தம் எந்த வரிசையில் உட்கார்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சட்ரீ செல்வத்தை வெறுத்துப் போகவில்லை. அந்த வீட்டில் தனக்கும் அம்மாவுக்கும் போடப்பட்ட இடத்தை வெறுத்துப் போனான் என்றே நான் படிக்கிறேன். அப்பா எந்த இடத்தைத் தாழ்ந்தது என்றாரோ அந்த இடத்துக்கே குடிபோவது ஒருவகைப் பழிவாங்கல்.

ஆனால் பழியின் விலையைக் கொடுத்தது அவன் இல்லை. அவனுடைய சின்னஞ்சிறு மகன் இறந்துவிட்டான் என்று செய்தி வருகிறது. ஊருக்குப் போகிறான். மாமியார் பாய்ந்து அடிக்கிறாள், விரலைக் கடிக்கிறாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு மண்வெட்டியை எடுத்து அவனே குழியை மூடுகிறான். இயந்திரம் வந்து நிற்கிறது, வேண்டாம் என்கிறான். காவல் அதிகாரி அவனைக் காரில் ஏற்றிப் பஸ் நிலையத்தில் இறக்கி, ஐந்து டாலரைக் கொடுத்து, இந்தப் பக்கம் திரும்பிவராதே என்கிறார். நாவலில் எனக்கு மிகவும் தாங்க முடியாத பகுதி இதுதான். மெக்கார்த்தி இங்கே நாயகனுக்கு ஒரு சொல்கூடச் சலுகை தரவில்லை. தாய்க்குக் கொள்ளி வைக்கப் பட்டினத்தார் திரும்பி வந்ததும் பச்சை வாழைமட்டை தீப்பற்றி எரிந்ததும் நம் கதை. அங்கே துறவு தாய்க் கடனைத் தீர்த்துவிடுகிறது. இங்கே எதுவும் தீர்வதில்லை. அந்த மனைவி நாவலில் ஒரு நிழலாகத்தான் வருகிறாள் என்பது என் நெடுநாள் குறை. விட்டுப்போனவர்களின் கதைகளில் எப்போதும் விடப்பட்டவளுக்குப் பேச இடம் கிடைப்பதில்லை. இதில் நம் புராணங்களுக்கும் இந்த நாவலுக்கும் பேதமே இல்லை.

முதல் நூறு பக்கம் வரை எனக்கு எரிச்சல்தான். வசதியான வீட்டுப் பையன் ஏழையாக வாழ்ந்து பார்க்கிற வேடிக்கை இது என்று நினைத்தேன். ஹாரகேட் வந்த பிறகுதான் நாவல் இந்த எரிச்சலை எதிர்பார்த்தே எழுதப்பட்டது என்று புரிந்தது. ஜீன் ஹாரகேட் கிராமத்துப் பையன்; தர்பூசணித் தோட்டத்தில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்து மாட்டிச் சிறைக்கு வந்தவன். பாலத்துக்கு அடியில் குடியேறுகிறான். பணக்காரனாக வேண்டும் என்பது ஒன்றே அவன் லட்சியம். செத்த வௌவாலுக்குச் சுகாதாரத் துறை காசு தருகிறது என்று கேள்விப்பட்டு, இறைச்சித் துண்டில் விஷம் வைத்து, கவணால் வானத்தில் எறிந்து, மூட்டை மூட்டையாக வௌவாலைக் கொன்று கொண்டுபோகிறான். பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி வங்கியைக் கொள்ளையடிக்கப் போய்ச் சாக்கடைக் குழாயை வெடிவைத்து உடைத்துக்கொள்கிறான். சிரித்துச் சிரித்து ரயிலில் பக்கத்தில் இருந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். சட்ரீ வேண்டாம் என்று எறிந்ததைப் பொறுக்கத்தான் ஹாரகேட் இவ்வளவு பாடுபடுகிறான். இருவரும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள், ஒரே குளிரில் நடுங்குகிறார்கள். ஒருவனுக்கு அது இறக்கம், மற்றவனுக்கு ஏற்றத்தின் முதற்படி.

யார் எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று பாருங்கள். ஹாரகேட் திருட்டில் பிடிபட்டு ரயிலில் சிறைக்குப் போகிறான். ஆப் ஜோன்ஸ், கள்ளச்சாராய விடுதி நடத்தும் கறுப்பர், போலீசோடு மோதி மோதிக் கடைசியில் அவர்களால் சாகிறார். நான் செத்தால் எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடு என்று சட்ரீயிடம் கேட்டிருந்த கந்தல் பொறுக்கும் கிழவர் தன் படுக்கையிலேயே செத்துக் கிடக்கிறார். சட்ரீ அவரை எரிக்கவில்லை. சட்ரீ மட்டும் நல்ல உடை உடுத்திக்கொண்டு நெடுஞ்சாலை ஓரம் வந்து நிற்கிறான். கை காட்டாமலே ஒரு கார் நிற்கிறது. அப்பாவின் பணத்தை விட்டான், பெயரை விட்டான், குடும்பத்தை விட்டான். வேண்டும்போது எழுந்து போகலாம் என்ற வசதியை மட்டும் அவனால் விட முடியவில்லை; அது பிறப்போடு வந்த சொத்து.

எழுதியவருக்கு இந்த இரண்டு கரைகளும் தெரியும். மெக்கார்த்தி 1933இல் பிறந்து நாக்ஸ்வில்லில் வளர்ந்தவர். அப்பா டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் வழக்கறிஞர். ஆற்றுக்கு அணை கட்டி, நிலம் எடுத்து, மக்களை இடம்பெயர்த்த அரசு நிறுவனம் அது. 1933இல்தான் அதுவும் பிறந்தது. அந்த ஆற்றை நிர்வகித்த வீட்டிலிருந்து வந்தவர் அந்த ஆற்றின் கரையில் கிடந்தவர்களை எழுதினார், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதினார். அந்த நாட்களில் அவரும் அப்போதைய மனைவியும் ஒரு கொட்டகையில் வசித்தார்கள், ஏரியில் குளித்தார்கள். பல்கலைக்கழகத்தில் பேச இரண்டாயிரம் டாலர் தருகிறோம் என்று அழைத்தால், சொல்ல வேண்டியது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று மறுத்துவிடுவாராம். இன்னும் ஒரு வாரம் அவரைக்கொட்டையைத் தின்போம் என்று மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த வாரத்துக்கு அடுப்பு மூட்டியது யார் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இனி சென்னை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் தேதி இரவை ஒதுக்கியது. நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம், கோயில் மண்டபம், பெரிய குழாய் என்று படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. அங்கேயே சமைத்து, அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைச் சீருடை போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இவர்களுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் எந்த முறிவும் இல்லை. சுவர் மட்டும்தான் இல்லை. சட்ரீக்குச் சுவர் இருந்தது, கூரையும் இருந்தது, குடும்பம் இல்லை. வீடற்றவன் என்ற ஒரே சொல்லால் இரண்டு பேரையும் அழைப்பது எவ்வளவு சோம்பேறித்தனம்!

அதற்காக, சட்ரீ தேர்ந்தெடுத்தான், இவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடவும் தயக்கமாக இருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த இடத்தில் உதவும். மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து 1961இல் பிழைக்கப் போன நிலமற்ற கூலி. வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவர்கள் நடைபாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், போக்குவரத்துக்கு ஆகும் நேரமும் செலவும் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்றது தீர்ப்பு. பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதே என்றும் சொன்னது. தேர்ந்தெடுத்தல் இங்கேயும் இருக்கிறது. கூரை வேண்டுமா, வேலை வேண்டுமா என்று கேட்டால் வேலை என்கிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் அடுக்குமாடியில் குடிவைக்கப்பட்டவர்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்கே திரும்பிவிடுவதும் இதே காரணத்தால்தான். கூரையை வேண்டாம் என்று விட்டு வருகிற இவர்களைப் பற்றி யாரும் நாவல் எழுதித் தத்துவம் பேசுவதில்லை. நன்றி கெட்டவர்கள் என்று தொலைக்காட்சி விவாதத்தில் பேசுவார்கள்.

நாக்ஸ்வில் கதையின் முடிவு எனக்குக் கூவத்தின் கதையாகவே தெரிந்ததற்கும் காரணம் உண்டு. நாவலின் கடைசிப் பக்கங்களில் மெக்கனலி ஃபிளாட்ஸ் என்ற அந்த ஏழைகளின் பேட்டையே இடிக்கப்படுகிறது. விரைவுச்சாலை வருகிறது. இங்கே துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை போட 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். கரையோரக் குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் மறுபடி அடிக்கல். நடுவில் பத்து ஆண்டுகள் கூவத்தின் ஓரத்தில் தலையில்லாத தூண்கள் வரிசையாக நின்றன. அதே கூவத்தில் 1970களில் படகு விடுவதற்காகக் கட்டிய துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயரை வைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தவன் பெயரில் சாக்கடையோரம் ஒரு படகுத்துறை. மெக்கார்த்தி கூட இதைக் கற்பனை செய்திருக்க மாட்டார்.

சென்ற மாதம் திருவொற்றியூர் போனபோது இத்தனையையும் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பட்டினத்தாரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை; ஆனாலும் அவர் கேட்டது வேறொன்று.

"அந்தப் படகு வீடு என்ன ஆயிற்று?"

காய்ச்சல் தெளிந்து சட்ரீ திரும்பி வரும்போது அவன் கட்டிலில் யாரோ ஒருவன் படுத்திருக்கிறான். செத்துப் பல நாள் ஆன பிணம். இடம் காலியாக இருக்கிறது என்று வந்து படுத்தவன். ஆம்புலன்ஸ் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செத்தது சட்ரீதான் என்று நினைக்கிறார்கள்.

"வந்து படுத்தவன் பெயர் என்ன?" என்றார் நண்பர்.

நாவலில் அவனுக்குப் பெயர் இல்லை என்றேன்.